பக்கத்து வீட்டுக் கொடி: பாரம்பரியமா, நிறவெறியா?

கிரீன்வில் குமரன் (இழையைத் தொடங்கியவர்)

நண்பர்களே, கொஞ்சம் நீளமான கேள்வி, பொறுத்துக்கொள்ளுங்கள்.

தென் கரோலினாவில் கிரீன்வில்லுக்கு வெளியே குடிவந்து ஆறு வருடம் ஆகிறது. பக்கத்து வீட்டுக்காரர் எழுபதைத் தாண்டியவர், வெள்ளையர். வீட்டு முன்தூணில் கான்ஃபெடரேட் கொடி, அதாவது 1861-65 உள்நாட்டுப் போரின்போது அமெரிக்காவிலிருந்து பிரிந்து தனி நாடாக நின்ற தென்மாநிலங்களின் கொடி, கட்டியிருக்கிறார். சிவப்புத் துணியில் பெருக்கல் குறி மாதிரி நீலப் பட்டை, அதில் பதின்மூன்று வெள்ளை நட்சத்திரம். வந்த புதிதில் அதைப் பார்த்தால் எங்களுக்கு ஒரு மாதிரி இருக்கும். பிறகு கண்ணுக்குப் பழகிவிட்டது. 2024 செப்டம்பரில் ஹெலீன் புயலில் கரண்ட் போய் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தோமே, அப்போது தன் ஜெனரேட்டரிலிருந்து எங்கள் ஃப்ரிட்ஜுக்கு ஒயர் இழுத்துக் கொடுத்தவர் அவர்தான். என் மகனுக்கு மீன்பிடிக்கக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான். அவன் அவரைத் தாத்தா என்றுதான் கூப்பிடுவான்.

போன சனிக்கிழமை மகனுக்குப் பத்தாவது பிறந்தநாள். என்னோடு வேலை செய்யும் கறுப்பினப் பெண்மணி ஒருவரையும் கூப்பிட்டிருந்தேன். தெருமுனை வரை வந்தவர் அங்கிருந்தே போன் செய்தார். “கொடி இருக்கிற வீடா, அதற்கு அடுத்ததா?” அடுத்தது என்றேன். மற்றவர்கள் எல்லாம் காரை நேராக ஏற்றி நிறுத்தியிருந்தார்கள். அவர் மட்டும் பின்பக்கமாக ஏற்றி, வண்டியின் முகம் தெருவைப் பார்க்கும்படி விட்டார். கேக் வெட்டியதும், வெளிச்சம் இருக்கும்போதே, பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கார் நின்ற விதம் எனக்குத் தூக்கத்தைக் கெடுக்கிறது. பெரியவரின் டிரக்கில் “வெறுப்பு அல்ல, பாரம்பரியம்” என்று ஒரு ஸ்டிக்கர் உண்டு. ராத்திரி மகன் கேட்டான்: “தாத்தா கெட்டவரா அப்பா?” என்ன சொல்வது?

ரிச்மண்ட் ராகவன்

குமரன், முதலில் ஒரு திருத்தம். உங்கள் பக்கத்து வீட்டில் பறப்பது அந்த நாட்டின் தேசியக் கொடியே கிடையாது. கட்டியிருப்பவர்களில் பாதிப் பேருக்கே இது தெரியாது.

1861 மார்ச்சில் மான்ட்கமரியில் ஏற்றிய முதல் தேசியக் கொடி வேறு. சிவப்பு, வெள்ளை, சிவப்பு என்று மூன்று பட்டை, மூலையில் நீலக் கட்டத்துக்குள் நட்சத்திர வட்டம். தூரத்திலிருந்து பார்த்தால் அமெரிக்கக் கொடி மாதிரியே தெரியும். அதுதான் வம்பாகிவிட்டது. அந்த ஜூலை 21 மனாசஸ் சண்டையில், புகையிலும் புழுதியிலும், எது நம் படை எது எதிரிப் படை என்று தெரியாமல் திண்டாடினார்கள். ஜெனரல் போரெகார்ட் போர்க்களத்துக்கென்று தனிக்கொடி கேட்டார். வில்லியம் போர்ச்சர் மைல்ஸ் என்ற தென் கரோலினாக்காரர் தேசியக் கொடிக்காகக் கொடுத்து, ஏற்கெனவே நிராகரிக்கப்பட்ட ஒரு வடிவம் இருந்தது. அதை எடுத்துச் சதுரமாகத் தைத்தார்கள். வர்ஜீனியாப் படையின் போர்க்கொடி இப்படித்தான் வந்தது. இன்று கடையில் விற்கும் நீள்சதுரம் கடற்படைக் கொடிக்குத்தான் கிட்டே வரும்.

இதை ஏன் சொல்கிறேன்? இது சிப்பாயின் கொடி, அரசாங்கத்தின் கொடி அல்ல. செத்தவர்களைச் சுற்றியது, காயம்பட்டவன் கையிலிருந்து விழாமல் இன்னொருவன் வாங்கிப் பிடித்தது. அந்தச் சிப்பாய்களில் மிகப் பெரும்பாலோர் ஏழை விவசாயிகள். 1862 அக்டோபரில் ஒரு சட்டம் போட்டார்கள்: இருபதோ அதற்கு மேலோ அடிமைகள் வைத்திருக்கும் தோட்டத்துக்கு ஒரு வெள்ளையருக்குப் படைச் சேவையிலிருந்து விலக்கு. “பணக்காரனின் போர், ஏழையின் சண்டை” என்று அப்போதே புலம்பினார்கள். அந்த ஏழையின் கொள்ளுப்பேரன் தன் பாட்டனின் கல்லறையில் கொடி நடுவதை நிறவெறி என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட என்னால் முடியவில்லை. இங்கே ரிச்மண்டில் ஹாலிவுட் என்ற கல்லறைத் தோட்டத்தில் அந்த வரிசைகளைப் பார்த்தால் உங்களுக்கும் புரியும்.

அட்லாண்டா அகிலா

ராகவன் அண்ணா, “சிப்பாயின் கொடி, அரசாங்கத்தின் கொடி அல்ல” என்பது 1863 மே 1 வரைதான் செல்லும். அன்றைக்குத்தான் இரண்டாவது தேசியக் கொடியை ஏற்றார்கள். வெள்ளைத் துணி, மூலையில் உங்கள் போர்க்கொடி. அரசாங்கமே அதைத் தூக்கித் தன் தலையில் வைத்துக்கொண்டது.

அந்த வெள்ளை நிறம் எதற்கு? சவானாவிலிருந்து வந்த பத்திரிகையின் ஆசிரியர் வில்லியம் டப்பன் தாம்சன் அப்போது ஒளிவுமறைவே இல்லாமல் எழுதினார். தாழ்ந்த இனத்தின்மேல் வெள்ளையனுக்குக் கடவுள் கொடுத்த மேலாண்மையைக் காக்கத்தான் போராடுகிறோம், ஆகவே வெள்ளைக் கொடி நம் நோக்கத்துக்குப் பொருத்தமான சின்னம் என்று. இதை எதிரி எழுதவில்லை, கொடியைக் கொண்டாடியவர் எழுதினார். (பாவம், காற்றில்லாத நாளில் அது சரணடையும் கொடி மாதிரித் தொங்கியது. 1865 மார்ச்சில் ஓரத்தில் சிவப்புப் பட்டை சேர்த்தார்கள். அடுத்த மாதம் தெற்குப் படைத் தளபதி லீ சரணடைந்துவிட்டார்.)

நீங்கள் சொன்ன ஏழை விவசாயி உண்மை. ஆனால் அந்தக் கணக்கில் ஒரு ஓட்டை உண்டு. அடிமை வைத்திருந்தவர் என்று தனி ஆளை எண்ணினால் சிறுபான்மைதான். குடும்பமாக எண்ணினால் தென் கரோலினாவிலும் மிசிசிப்பியிலும் ஏறக்குறைய பாதிக் குடும்பங்கள். அப்பா பேரில் இருந்தால் மகனுக்குச் சம்பந்தம் இல்லையா?

மதுரைவீரன்77

நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும், நான் அங்கே வந்ததே இல்லை. போருக்குக் காரணம் மாநில உரிமையும் சுங்கவரியும்தான், அடிமைமுறையைப் பிற்பாடு சேர்த்துக்கொண்டார்கள் என்று எங்கோ படித்த ஞாபகம். அது சரிதானா?

இன்னொன்று. அந்தப் போரால் அமெரிக்கப் பருத்தி இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகளுக்குப் போவது நின்று, நம் ஊர்க் கரிசல் பருத்திக்குத் திடீர் விலை வந்தது என்று தாத்தா சொல்வார். போர் முடிந்ததும் விலை தொபுக்கென்று விழுந்ததாம். அந்தக் கொடிக்கும் நமக்கும் அவ்வளவு தூரமில்லை போலிருக்கிறது.

ஹூஸ்டன் செல்வி

பருத்தி விஷயம் சரி தம்பி. அந்தப் பருத்தியைப் பறித்த கைகள் யாருடையவை என்று யோசித்தால் முதல் கேள்விக்கும் பதில் வந்துவிடும்.

மாநில உரிமை என்றால் எதற்கான உரிமை? பிரிந்துபோனவர்கள் காரணத்தை மறைக்கவே இல்லை, எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்துவிட்டுப் போனார்கள். தென் கரோலினா 1860 டிசம்பர் 20 அன்று முதலில் பிரிந்தது. அதன் அறிக்கையில் பெரிய குறையே வடமாநிலங்களைப் பற்றியதுதான்: தப்பி ஓடிவந்த அடிமைகளைப் பிடித்துத் திருப்பித் தர மறுக்கிறார்களாம், அதற்கு எதிராகத் தங்கள் மாநிலங்களில் சட்டம் போடுகிறார்களாம். அதாவது அடுத்த மாநிலம் தன் உரிமையைப் பயன்படுத்தியதுதான் இவர்களுக்குக் கோபம்! மிசிசிப்பி அறிக்கை இன்னும் நேரடி. எங்கள் நிலைப்பாடு அடிமைமுறையோடு முழுதும் பிணைந்தது, உலகத்திலேயே பெரிய பொருளாதார நலன் அதுதான் என்கிறது.

அவர்களுடைய அரசியல் சாசனத்தையும் பாருங்கள். கறுப்பின அடிமைகள் மீதான சொத்துரிமையைக் குறைக்கும் எந்தச் சட்டமும் இயற்றக்கூடாது என்று தேசியச் சட்டமன்றத்துக்கே தடை. துணைத் தலைவர் அலெக்ஸாண்டர் ஸ்டீஃபன்ஸ் 1861 மார்ச் 21 அன்று சவானாவில் பேசியபோது, புதிய அரசின் மூலைக்கல்லே கறுப்பர் வெள்ளையருக்குச் சமமில்லை என்ற உண்மைதான் என்றார். கூட்டம் கைதட்டியது. தோற்ற பிறகுதான் அதே ஸ்டீஃபன்ஸ் இரண்டு கனத்த தொகுதிகள் எழுதி, எல்லாம் மாநில உரிமை விவகாரம் என்று மாற்றிப் பேசினார். நீங்கள் படித்தது அந்த வழியில் வந்த கதை.

ரிச்மண்ட் ராகவன்

போரின் காரணத்தைப் பற்றி எனக்கும் உங்களுக்கும் சண்டையே இல்லை செல்வி. அடிமைமுறைதான். நான் கேட்பது வேறு. ஒரு சின்னத்தின் பொருள் பிறந்த நாளோடு உறைந்துவிடுமா?

பிரேசிலில் சாவோ பாலோ மாகாணத்தில் சான்டா பார்பரா தோயெஸ்தே என்று ஓர் ஊர். போரில் தோற்று, அமெரிக்காவே வேண்டாமென்று கப்பலேறிப் போனவர்களின் வாரிசுகள் அங்கே இருக்கிறார்கள். பல வருடம் விழா எடுத்து, அந்தக் கொடி வரைந்த மேடையில் பாவாடை விரித்து நடனம் ஆடிவந்தார்கள். அவர்களில் பலர் கலப்பினத்தவர். அவர்களுக்கு அது பாட்டி வீட்டுச் சாப்பாடு மாதிரி. அயர்லாந்தில் கார்க் கவுன்ட்டி ரசிகர்கள் தங்களைக் கிளர்ச்சியாளர்கள் என்று சொல்லிக்கொள்வார்கள், அணி நிறம் சிவப்பு, அவ்வளவுதான், இந்தக் கொடியை மைதானத்துக்குத் தூக்கி வந்தார்கள்.

மறுபக்கம், 1925-இல் கூ க்ளக்ஸ் க்ளான் என்ற வெள்ளை நிறவெறி அமைப்பு ஆயிரக்கணக்கில் வாஷிங்டன் வீதியில் ஊர்வலம் போனபோது தூக்கிப் பிடித்தது அமெரிக்கக் கொடியை. அதற்காக அமெரிக்கக் கொடியை யாரும் இறக்கச் சொல்வதில்லை. 2015-இல் சிஎன்என் கருத்துக்கணிப்பில் அமெரிக்கர்களில் 57 சதவீதம் பேர் இதைத் தென்மாநிலப் பெருமை என்றுதான் சொன்னார்கள். அத்தனை பேரும் நிறவெறியர்களா?

அட்லாண்டா அகிலா

பிரேசிலை உதாரணம் காட்டுவதற்கு முன் ஒன்று. அவர்கள் அங்கே கப்பலேறியபோது பிரேசிலில் அடிமைமுறை இன்னும் சட்டப்படி இருந்தது, 1888 வரை. காரணமில்லாமல் அந்த ஊரைத் தேர்ந்தெடுக்கவில்லை. அந்த விழாவுக்கும் அங்கேயே கறுப்பின அமைப்புகளின் எதிர்ப்பு இருந்தது.

அதே கருத்துக்கணிப்பில் கறுப்பினத்தவரை மட்டும் தனியாகப் பாருங்கள், 72 சதவீதம் பேர் நிறவெறி என்றார்கள். ஐந்து வருடம் கழித்து 2020-இல் குவினிபியாக் பல்கலைக்கழகம் எடுத்த கணிப்பில் மொத்த நாடும் திரும்பிவிட்டது, 56 சதவீதம் பேர் நிறவெறி என்றார்கள். எண்ணிக்கையை வைத்துக்கொண்டு பொருள் சொன்னால் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

சரி, பிறந்த நாளோடு பொருள் உறையாது என்கிறீர்கள். ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் மறுபடி எப்போது ஏறியது என்று பார்ப்போம். போர் முடிந்தபின் இந்தக் கொடி பெரும்பாலும் பெட்டியில்தான் இருந்தது. நினைவுநாள், கல்லறை, பழைய வீரர்களின் கூடுகை, அத்தோடு சரி. லீயே அப்படித்தான் நினைத்தார். 1869-இல் கெட்டிஸ்பர்க் நினைவுச்சின்ன வேலைக்குக் கூப்பிட்டபோது, போரின் புண்களைத் திறந்து வைக்காமல் இருப்பதே நல்லது என்று எழுதி மறுத்தார்.

1948: ராணுவத்தில் நிறப்பாகுபாட்டை ஒழிக்க ட்ரூமன் ஆணையிட்ட ஆண்டு. ஜனநாயகக் கட்சியிலிருந்து உடைத்துக்கொண்டு ஸ்ட்ராம் தர்மண்ட் தலைமையில், நிறப்பிரிவினையைக் காக்க, டிக்ஸிகிராட் என்ற கூட்டம் கிளம்புகிறது. கொடி பெட்டியிலிருந்து அரசியல் மேடைக்கு வருகிறது. 1954: பள்ளிகளில் நிறப்பிரிவினை செல்லாது என்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. 1956: எங்கள் ஜார்ஜியா தன் மாநிலக் கொடியையே மாற்றி, மூன்றில் இரண்டு பங்குக்குப் போர்க்கொடியை வைத்துக்கொண்டது. 1963 ஏப்ரல்: அமெரிக்க அட்டர்னி ஜெனரல் ராபர்ட் கென்னடி, நிறப்பிரிவினையை விடாத அலபாமா ஆளுநர் வாலஸைப் பார்க்க மான்ட்கமரிக்கு வருகிறார். அன்றைக்குத்தான் அங்கே தலைமைச் செயலகத்தின் உச்சிக் கும்பத்தில் அது பறக்கிறது. இறங்கியது 1993-இல்.

பாட்டன் நினைவு என்றால் அது 1866-இலேயே ஏறியிருக்க வேண்டாமா? கறுப்புப் பிள்ளைகள் வெள்ளையர் பள்ளிக்கூட வாசலுக்கு வந்தபோதுதான் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் பாட்டன் ஞாபகம் வந்ததா?

மட்டுறுத்துநர்

நம் ஊர் அரசியலை இழுத்த மூன்று பதில்களை நீக்கியிருக்கிறேன். அதற்குத் தனி இழை போட்டுக்கொள்ளுங்கள். தடித்த வார்த்தைகளும் வேண்டாம்.

கொலம்பியா மாணவி (பழைய மாணவி இப்போது)

பல வருடமாக இங்கே படிப்பதோடு சரி, எழுதியதில்லை. 2015-இல் நான் தென் கரோலினாவின் தலைநகர் கொலம்பியாவில் படித்துக்கொண்டிருந்தேன். கண்ணால் பார்த்ததால் எழுதுகிறேன்.

அகிலா அக்கா பட்டியலில் எங்கள் ஊர் விட்டுப்போயிற்று. இங்கே 1961-இல், போர் தொடங்கிய நூற்றாண்டு என்று சொல்லி, தலைமைச் செயலகக் கும்பத்தில் ஏற்றினார்கள். அடுத்த ஆண்டு சட்டமன்றத் தீர்மானம் போட்டு அங்கேயே நிலைக்க வைத்தார்கள். நூற்றாண்டு 1965-இல் முடிந்தது, கொடி மட்டும் இறங்கவில்லை. பெரிய போராட்டங்களும் பொருளாதாரப் புறக்கணிப்பும் நடந்து, 2000-இல் ஒரு சமரசம் வந்தது. கும்பத்திலிருந்து இறக்கி, கட்டடத்துக்கு முன்னால் இருக்கும் வீரர் நினைவுத்தூண் பக்கத்தில் கம்பம் நட்டு ஏற்றினார்கள். சமரசம் என்றார்கள், ஆனால் கும்பத்தில் இருந்ததைவிடத் தெருவில் போகிறவர் கண்ணுக்கு இன்னும் நேராகத் தெரிந்தது. தினமும் பஸ்ஸில் அதைக் கடந்துதான் போவேன்.

2015 ஜூன் 17. சார்ல்ஸ்டனில் இமானுவேல் தேவாலயத்தில் புதன்கிழமை வேத வகுப்பு. புதிதாக வந்த ஒரு வெள்ளை இளைஞனுக்குப் பக்கத்தில் இடம் கொடுத்து உட்காரவைத்தார்கள். அவன் ஒன்பது பேரைச் சுட்டுக்கொன்றான். போதகர் கிளெமெண்டா பிங்க்னி அந்த ஒன்பதில் ஒருவர், அவர் மாநில செனட்டரும்கூட. கொலைகாரன் இந்தக் கொடியோடு எடுத்துக்கொண்ட படங்கள் பிறகு வெளியாயின.

அமெரிக்கக் கொடியையும் மாநிலக் கொடியையும் அரைக்கம்பத்தில் இறக்கினார்கள். இதை மட்டும் இறக்கவில்லை. 2000 சட்டப்படி சட்டமன்றம் மூன்றில் இரண்டு பங்கு வாக்களித்தால்தான் தொட முடியும். பிங்க்னியின் உடலைக் குதிரை வண்டியில் தலைமைச் செயலகத்துக்குக் கொண்டுவந்தபோது, அந்தக் கொடி உச்சியில் முழுசாகப் பறந்துகொண்டிருந்தது. ராகவன் சார், பொருள் பற்றிய விவாதம் எல்லாம் எனக்கு அன்றைக்கே முடிந்துபோயிற்று.

ஜூன் 27 விடியற்காலையில் ப்ரீ நியூஸம் என்ற கறுப்பினப் பெண் முப்பதடிக் கம்பத்தில் ஏறி அதைக் கழற்றிவிட்டார். கீழே ஒரு வெள்ளை இளைஞர் துணைக்கு நின்றார். இருவரையும் கைது செய்துவிட்டு, ஒரு மணி நேரத்துக்குள் வேறு கொடியை ஏற்றிவிட்டார்கள்.

அப்புறம் விவாதம். ஸ்ட்ராம் தர்மண்டின் மகன் பால் தர்மண்ட் செனட்டில் எழுந்து, அடிமைமுறையைக் காக்கப் போரிட்ட பாரம்பரியத்தில் எனக்குப் பெருமை இல்லை, இறக்க வேண்டும் என்றார். கீழவையில் திருத்தம் மேல் திருத்தமாகப் போட்டு இழுத்தடித்தார்கள். தன்னைக் கான்ஃபெடரேட் அதிபர் ஜெஃபர்சன் டேவிஸின் வழிவந்தவர் என்று சொல்லிக்கொண்ட ஜென்னி ஹார்ன், அழுதுகொண்டே, பாரம்பரியக் கதையைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது என்று கத்தினார். நடுநிசி தாண்டி 94-க்கு 20 என்று முடிந்தது. ஜூலை 10 காலை இறக்கினார்கள். நான் அந்தக் கூட்டத்தில் நின்றேன். சுருட்டிக் கொண்டுபோய் அருங்காட்சியகத்தில் கொடுத்தார்கள். என் பக்கத்தில் நின்ற ஒரு பாட்டி சத்தமே போடவில்லை. காலணியைக் கழற்றிவிட்டுப் புல்லில் வெறுங்காலோடு நின்றார். ஏன் என்று கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

மதுரைவீரன்77

அப்போது ஆளுநர் நிக்கி ஹேலிதானே? நம் நாட்டு வம்சாவளி. அவர்தான் இறக்கினார் என்று இங்கே பத்திரிகையில் பெருமையாகப் போட்டார்கள்.

கொலம்பியா மாணவி

கையெழுத்துப் போட்டவர் அவர்தான், அந்தப் பெருமை அவருக்கு உண்டு. ஆனால் 2014 தேர்தல் விவாதத்தில் இதே கொடியைப் பற்றிக் கேட்டபோது, எந்தத் தொழில் நிறுவனத் தலைவரும் என்னிடம் இதைப் பற்றிக் குறை சொல்லவில்லை என்றவரும் அவர்தான். ஒன்பது பேர் சாக வேண்டியிருந்தது. 2019-இல், சேவை, தியாகம், பாரம்பரியம் என்று மக்கள் நினைத்த கொடியை அந்தக் கொலைகாரன் கடத்திக்கொண்டு போய்விட்டான் என்கிற மாதிரிப் பேசினார். 1961-ஐ மறந்துவிட்டார் போலும். பஞ்சாபிலிருந்து வந்த பெற்றோருக்கு இங்கே பாம்பெர்க் என்ற சின்ன ஊரில் பிறந்து, நிறத்துக்காகக் கேலிபட்டு வளர்ந்ததைத் தானே சொன்னவர் அவர்.

ரிச்மண்ட் ராகவன்

தலைமைச் செயலகத்தில் அது இருக்கக்கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை, அருங்காட்சியகம்தான் சரியான இடம். எல்லோருடைய வரிப்பணத்தில் நிற்கும் கம்பம் வேறு, குமரன் பக்கத்து வீட்டுத் தூண் வேறு. தனி மனிதர் தன் வீட்டில் கட்டுவதை அமெரிக்காவில் அரசு தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது.

இதில் ஒரு வேடிக்கையான தீர்ப்பு உண்டு. கார் நம்பர் பிளேட்டில் இந்தக் கொடியைப் போட டெக்சஸ் அரசு மறுத்தது. கான்ஃபெடரேட் வீரர்களின் வாரிசுகள் சங்கம் வழக்குப் போட்டது. பிளேட்டில் வருவது அரசின் பேச்சு, ஆகவே மறுக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்று சொன்னது. தாராளவாத நீதிபதிகள் நால்வரோடு சேர்ந்த ஐந்தாவது வாக்கு கிளாரன்ஸ் தாமஸுடையது. வழக்கமாக அவர் அந்தப் பக்கம் நிற்பவர் அல்ல, ஜார்ஜியாவில் பிறந்து வளர்ந்த கறுப்பினத்தவர். தீர்ப்பு வந்த நாள் 2015 ஜூன் 18, சார்ல்ஸ்டன் கொலைகளுக்கு மறுநாள்.

ஹூஸ்டன் செல்வி

ஆமாம், அந்த பிளேட் எங்கள் ஊர் வழக்குதான்.

ஆனால் ராகவன், “தென்மாநிலப் பாரம்பரியம்” என்று நீங்கள் சொல்லும்போது தென்மாநிலத்தவர் யார்? 1860 கணக்கெடுப்பில் தென் கரோலினா மக்களில் நூற்றுக்கு 57 பேர் அடிமைகள். பெரும்பான்மையே அவர்கள்தான். அவர்களும் தெற்கத்திக்காரர்கள் இல்லையா? சாப்பாடு, பாட்டு, பேச்சின் இழுவை என்று இன்று தென்மாநிலம் என்றால் எது நினைவுக்கு வருகிறதோ அதில் பாதிக்கு மேல் அவர்கள் வீட்டிலிருந்து வந்தது. தென்மாநில வெள்ளையரிலும் ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் வடக்குப் படையில் சேர்ந்து போரிட்டார்கள். நாலு வருடம் இருந்த ஓர் அரசின் கொடி எப்படி முந்நூறு வருட ஊரின் பாரம்பரியம் ஆனது?

எனக்குப் பிடித்த கொடிக் கதை ஒன்று சொல்கிறேன். ராபர்ட் ஸ்மால்ஸ், தென் கரோலினா போஃபோர்ட்டில் அடிமையாகப் பிறந்தவர். சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் பிளான்டர் என்ற கான்ஃபெடரேட் நீராவிக் கப்பலை ஓட்டிக்கொண்டிருந்தார். 1862 மே 13, விடியாத நேரம். வெள்ளை அதிகாரிகள் கரையில் தூங்கப் போயிருந்தார்கள். ஸ்மால்ஸ் கப்பலைக் கிளப்பினார். வேறொரு இடத்தில் நிறுத்தி, தன் மனைவி பிள்ளைகளையும் கூட்டாளிகளின் குடும்பங்களையும் ஏற்றிக்கொண்டார். கேப்டனின் தொப்பியைப் போட்டுக்கொண்டு அவரைப் போலவே நின்றார். கான்ஃபெடரேட் கொடி மேலே பறக்க, ஒவ்வொரு கோட்டையாக, சரியான ஊதல் சமிக்ஞை கொடுத்து, சம்டர் கோட்டையையும் தாண்டினார். பீரங்கி எட்டாத தூரம் வந்ததும் அந்தக் கொடியை இறக்கிவிட்டு, மனைவி கொண்டுவந்த படுக்கை விரிப்பை ஏற்றி, வடக்குக் கடற்படையிடம் கப்பலை ஒப்படைத்தார். பிறகு அமெரிக்க நாடாளுமன்றத்துக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டார். 2024-இல் தென் கரோலினா சட்டமன்றம் அதே தலைமைச் செயலக வளாகத்தில் அவருக்குச் சிலை வைக்க ஒப்புதல் தந்தது.

மகனுக்கு என்ன சொல்வது என்று கேட்டீர்களே குமரன், இந்தக் கதையைச் சொல்லுங்கள். பத்து வயதுக்கு இது நன்றாகப் பிடிக்கும்.

மதுரைவீரன்77

அட்டகாசம் அக்கா. ஆனால் கறுப்பினத்தவரும் அந்தப் படையில் ஆயிரக்கணக்கில் சண்டை போட்டதாகக் காணொளி பார்த்தேனே?

அட்லாண்டா அகிலா

அந்தக் காணொளியை நானும் பார்த்திருக்கிறேன். சமைக்க, அகழி தோண்ட, எஜமானின் குதிரையைப் பார்த்துக்கொள்ள என்று ஆயிரக்கணக்கில் அடிமைகளை இழுத்துப் போனார்கள், அது உண்மை. சிப்பாயாகச் சேர்க்கச் சட்டம் போட்டதே 1865 மார்ச்சில், எல்லாம் முடிகிற நேரத்தில். அதற்கும் எவ்வளவு எதிர்ப்பு! எங்கள் ஜார்ஜியாவின் ஹவல் காப், அவர்கள் படையின் ஜெனரல், எழுதினார்: அடிமைகள் நல்ல சிப்பாய்களாக இருப்பார்களானால், அடிமைமுறை பற்றிய நம் கோட்பாடு முழுவதும் தவறு. இதைவிட நேர்மையாக யாரும் எழுதிவிட முடியாது. வடக்குப் படையில் சேர்ந்த கறுப்பினத்தவர் சுமார் 1,80,000 பேர்.

இன்னொரு கூத்தும் சொல்லிவிடுகிறேன். ஜார்ஜியா 2001-இல் போர்க்கொடியை மாநிலக் கொடியிலிருந்து ஏறக்குறைய எடுத்துவிட்டது. கீழே ஒரு வரிசையில் பொடிசாகத்தான் இருந்தது. அதற்குக் கையெழுத்திட்ட ஆளுநர் அடுத்த தேர்தலில் தோற்றார், கொடியும் ஒரு காரணம் என்பார்கள். 2003-இல் இன்னொரு கொடி வந்தது. மூன்று பட்டை, நீலக் கட்டம், நட்சத்திர வட்டம். ராகவன் அண்ணா மேலே சொன்ன முதல் தேசியக் கொடி ஞாபகம் இருக்கிறதா? அதேதான், நடுவில் மாநில முத்திரை கூடுதல். என் பிள்ளையின் பள்ளிக்கூட வாசலில் தினமும் பறக்கிறது, ஒருவரும் முகம் சுளிப்பதில்லை. பார்த்துப் பயந்து வளராத கொடி என்பதால் இருக்கலாம்.

ரிச்மண்ட் ராகவன்

இதுதான் நான் சொன்னது! பிறப்பில் இரண்டும் ஒன்றுதான், ஒன்று சுடுகிறது, ஒன்று சுடவில்லை. பொருள் பிற்பாடு ஏறுவது.

அட்லாண்டா அகிலா

ஏறியது எந்தப் பொருள், யார் ஏற்றினார்கள் என்பதுதானே அண்ணா நான் இவ்வளவு நேரம் சொன்னது.

ரிச்மண்ட் ராகவன்

சரி, அந்த இடத்தில் நீங்கள் சொல்வதை ஏற்கிறேன். 1948-க்கும் 1963-க்கும் நடுவில் நடந்ததைக் கழித்துவிட்டுக் கல்லறையை மட்டும் பேச முடியாதுதான். மிசிசிப்பியை நினைத்துக்கொள்கிறேன். 2001-இல் வாக்கெடுப்பு வைத்து, மூன்றில் இரண்டு பங்குக்குக் கொஞ்சம் குறைவானவர்கள், மூலையில் போர்க்கொடி வைத்த பழைய மாநிலக் கொடியே போதும் என்றார்கள். 2020-இல் மாநிலப் பல்கலைக்கழக அமெரிக்கக் கால்பந்து வீரர் கைலின் ஹில், கொடியை மாற்றாவிட்டால் இந்த மாநிலத்துக்காக இனி ஆடமாட்டேன் என்று எழுதினார். விளையாட்டு அமைப்புகளும் நெருக்கின. அந்த ஜூனிலேயே சட்டமன்றம் எடுத்துவிட்டது. நவம்பரில் மக்னோலியாப் பூப் போட்ட புதுக் கொடிக்குப் பத்தில் ஏழு பங்குக்கு மேல் ஆதரவு. கருத்து மாறியதா, கால்பந்து பறிபோய்விடும் என்ற பயமா என்று கேட்காதீர்கள். தெற்கில் கால்பந்தும் பாரம்பரியம்தான்.

ஆனாலும் குமரனின் பெரியவரை இந்த வரலாறு மொத்தத்துக்கும் பதில் சொல்ல வைக்காதீர்கள். ஜெனரேட்டர் கொடுத்த மனிதர்.

கிரீன்வில் குமரன்

எல்லோருக்கும் நன்றி. ஒரு வாரம் எழுதவில்லை, காரணம் இருக்கிறது.

ஸ்மால்ஸ் கதையை மகனுக்குச் சொன்னேன் செல்வி. தொப்பி போட்டுக்கொண்ட இடத்தை மூன்று தடவை சொல்லச் சொன்னான். அடுத்த நாள் வேலி ஓரம் நின்று பெரியவரிடம் அவனே சொல்லிக்கொண்டிருந்தான். நான் உள்ளே ஓடிவிடலாமா என்று பார்த்தேன். அவர் முழுசாகக் கேட்டார். “அந்த ஆளுக்கு நெஞ்சுரம் அதிகம்” என்றார். தனக்கு அந்தக் கதை தெரியாது, பள்ளிக்கூடத்தில் சொல்லித்தரவில்லை என்றார். எழுபத்து மூன்று வயது, பிறந்தது இதே மாநிலம்.

அவர் பள்ளியில் படித்த காலத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அகிலா சொன்ன வருடங்களுக்கு நடுவில்தான் வருகிறது. கும்பத்தில் கொடி ஏறியபோது அவருக்கு என் மகனைவிடச் சின்ன வயது.

அவன் போன பிறகு நான் அந்தக் காரைப் பற்றிச் சொன்னேன். சுற்றி வளைத்துத்தான் சொன்னேன், எனக்கு அவ்வளவுதான் தைரியம். என் தோழி ஏன் வண்டியை அப்படித் திருப்பி நிறுத்தினார் என்று உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் அவருக்குப் பிடிபடவில்லை. பிடிபட்டதும் முகம் சிவந்துவிட்டது. என்னைப் பார்த்து அவர் பயப்பட வேண்டியதே இல்லை, கேட்டிருந்தால் அந்தப் பிள்ளைகளையும் மீன்பிடிக்கக் கூட்டிப் போயிருப்பேன் என்றார். அது எனக்குத் தெரியும், தெருமுனையில் நிற்கும் அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை. தன் பாட்டனாரின் அப்பா பீட்டர்ஸ்பர்க் முற்றுகையில் ஒரு கையை இழந்தவர் என்றார். அதை ஏற்கெனவே நாலைந்து தடவை சொல்லியிருக்கிறார். இந்தத் தடவை பாதியில் நிறுத்திவிட்டு உள்ளே போய்விட்டார்.

கொடி இன்னும் தூணில்தான் இருக்கிறது. இரவல் வாங்கிய புல்வெட்டும் இயந்திரத்தை நேற்றுத் திருப்பிக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார், வெயிலைப் பற்றிப் பேசினோம். அடுத்த வருடப் பிறந்தநாளைப் பூங்காவில் வைத்துக்கொள்ளலாம் என்கிறாள் மனைவி. நான் இன்னும் சரி என்று சொல்லவில்லை.